யாருக்குப் பொற்காலம்? யாருக்கு விடுதலை?



இரண்டு கதைகளை நம் காதில் ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜராஜ சோழன் காலத்திலே தஞ்சைத் தரணி பொன் விளைந்த பூமி. உழுதவன் உண்டான், உடுத்தான், நிம்மதியாக உறங்கினான். வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாம் கெட்டது என்பது ஒரு கதை. இதை மேடையில் கேட்கிறோம், வெள்ளித்திரையில் பார்க்கிறோம். நாமெல்லாம் ஆண்டான் அடிமை என்று கிடந்தோம். வெள்ளைக்காரன்தான் சட்டம் போட்டு அடிமைத்தளையை அறுத்தான். அவன் வராவிட்டால் நமக்கு விமோசனமே இல்லை என்பது இன்னொரு கதை. இதைச் சொல்லுகிறவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். முதல் கதைக்காரர்கள் மேல் கோபம் கொண்டு இந்தப் பக்கம் வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. கதை நியாயமானதல்ல.

இரண்டும் சண்டைச் சேவல்கள்போலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றன. வளர்த்த கூடு ஒன்றுதான். ஒரு கதையில் மன்னன் கொடுக்கிறான், மற்றதில் துரை கொடுக்கிறான். நாற்று நட்டவளும் ஏர் பிடித்தவனும் இரண்டு கதையிலும் கையேந்தி நிற்கிறார்கள், வாய் திறப்பதில்லை.

ஆகவே கதையை விடுவோம். கல்லைக் கேட்போம், சட்டப் புத்தகத்தைக் கேட்போம். மன்னனும் சபையும் வெட்டிவைத்த கல். துரை அச்சடித்த சட்டம். செங்கொடிக்காரன் எழுதியது என்று இவற்றை யாரும் தள்ளிவிட முடியாது.

குடத்தில் விழாத ஓலை

பொற்காலக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது உத்தரமேரூர்க் கல்வெட்டை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. “பாருங்கள், உலகத்துக்கே நாம்தான் தேர்தல் முறையைக் கற்றுக்கொடுத்தோம், குடவோலை!” என்று மார்தட்டுகிறார்கள்.

கல்லை முழுவதும் வாசிக்க வேண்டாமா? பெயர் எழுதிக் குடத்தில் ஓலை போட வேண்டுமானால், அந்தப் பெயருக்குடையவனுக்கு வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். வேதம் ஓதித் தெரிந்தவனாயிருக்க வேண்டும். நிலம் கால்வேலியில் குறைந்தாலும் அரைக்கால் வேலியாவது இருந்து, வேதத்தோடு பாஷ்யமும் கற்றிருந்தால் அவனுக்கு ஒரு சலுகை உண்டு. கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவனும் அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது என்றும் இருக்கிறது. இது நல்ல விதிதான். இன்றைக்கும் பல கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேண்டிய விதி. ஆனால் அந்தக் குடத்தில் யாருடைய ஓலை விழுந்தது? அந்த நிலத்தில் உழுதவன் ஓலையா? நெய்தவன் ஓலையா? ஊரில் ஒரு பெண்ணின் ஓலையா? நிலமுள்ள, வேதம் படித்த ஆண்கள் தங்களுக்குள் ஆள் பொறுக்கிக்கொள்ள ஒரு முறை வைத்திருந்தார்கள். நிலக்காரர்களுக்குள் நடந்த ஜனநாயகம் அது. நிலமற்றவனுக்கு அது பண்ணைக் கச்சேரிதான்.

இதற்கும் முன்னால் போனால் நிலைமை வேறாக இருந்ததா? தொல்காப்பியத்தைப் பாருங்கள். அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் வேலை செய்வோரும், காதல் கொள்வதைப் பற்றி அந்த இலக்கணம் பேசுகிறது. அவர்களைத் தலைவனாகவும் தலைவியாகவும் வைத்துப் பாடத் தடையில்லை. ஆனால் உயர்ந்த ஐந்திணைக் காதலுக்குள் அல்ல, அதற்குப் புறத்தேதான் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். காதலில்கூட மேட்டுத்தெரு, பள்ளத்தெரு! அந்தப் பழைய பாட்டுகளின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. குறிஞ்சியும் முல்லையும் நம் சொத்துத்தான். ஆனால் அந்தச் சொத்தை எழுதிவைத்த பத்திரத்திலேயே நம்மை எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் படிக்க வேண்டும்.

செத்த பிறகும் இரண்டு

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. சுவரெல்லாம் கல்வெட்டு. எந்தச் சிலை எத்தனை விரல் உயரம், எந்த நகையில் எத்தனை முத்து என்று வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். கணக்கெழுதுவதில் அந்த அரசாங்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தக் கணக்கிலேயே, கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஊருக்கு ஊர், வரி இல்லாத நிலம் எது எது என்று கழித்து எழுதுகிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால் என்று வரிசையாக வருகிறது. அந்த வரிசையில் கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று தனித்தனியாக வருகிறது. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் வருகிறது. அதோடு நிற்கவில்லை. வெள்ளான் சுடுகாடு வேறு, பறைச்சுடுகாடு வேறு என்றும் வருகிறது.

தீண்டாமை பின்னால் வந்த அந்நியன் கொண்டுவந்த நோய், சோழர் காலத்தில் அது கிடையவே கிடையாது என்று வாதாடுகிறவர்கள் இந்தச் சுவரண்டை போய் நின்று வாதாடட்டும். உயிரோடு இருக்கும்போது இரண்டு குடியிருப்பு, செத்த பிறகு இரண்டு சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அரசாங்கக் கணக்கு சொல்லுகிறது.

அதே சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் இருக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து, கோயிலைச் சுற்றித் தெரு போட்டுக் குடியேற்றியிருக்கிறார்கள். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்றுகூட எழுதியிருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு; பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். இவர்களை வெறும் அடிமைகள் என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவது சரியல்ல. வீடும் வரும்படியும் பெற்றவர்கள். ஆனால் 400 பேருக்கு 40,000 கலம். இந்த நெல்லை அறுத்துக் கட்டிப் போரடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன? எந்தத் தெரு, எத்தனையாவது குடிசை? முத்தைக்கூட எண்ணி எழுதிய கணக்குப்பிள்ளை, அந்த இடத்தில் எழுத்தாணியை மடக்கி வைத்துக்கொண்டான்.

கூலியில்லாமல் வாங்கிய வேலைக்கும் அந்தக் கல்வெட்டுகளில் பெயர் உண்டு. வெட்டி. ஏரிக்கரை போட, வாய்க்கால் வெட்ட, சுமை தூக்க, குடிகள் கொடுத்தாக வேண்டிய இனாம் உழைப்பு அது. “வெட்டி வேலை” என்று இன்றைக்கு நாம் அலுத்துக்கொள்ளும்போது, அந்தப் பழைய பொற்காலத்து வரியைத்தான் நாவில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

மூன்று உயிர், மூன்றரைக் கலம்

நூற்றுத் தொண்ணூறு வருஷம் தள்ளி வாருங்கள். 1201-ம் வருஷம். மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சி. இடம் திருப்பாம்புரம். காலம் பொல்லாததாகிவிட்டது, ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது என்று அந்த ஊர்க் கல்வெட்டு சொல்லுகிறது. ஒரு வெள்ளாளனும் அவனுடைய இரண்டு பெண்மக்களும், பஞ்சம் தாங்காமல், 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காசுக்கு மூன்று நாழி என்றால் 110 காசுக்கு 330 நாழி. மரக்காலுக்கு 8 நாழி, கலத்துக்கு 12 மரக்கால் என்று வைத்தால், மூன்றரைக் கலம்கூட முழுசாக வராது. ஒரு தகப்பன், இரண்டு பெண்கள். மூன்று பேர் ஆயுள் முழுவதற்குமான விலை அது. கோயில் களஞ்சியத்தில் நெல் இல்லாமலா போய்விட்டது? இருந்தது. விலைக்கு இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்றுக்கொண்டவன் சேரிக்காரன் அல்ல, வெள்ளாளன். உயர்ந்த இடத்தில் வைத்து எண்ணப்பட்ட ஜாதி. பஞ்சம் வந்து அடுப்பு அணைந்தபோது அவன் ஜாதி அவனைத் தாங்கிப் பிடிக்கவில்லை. சேரிக்காரனுக்கோ விற்றுக்கொள்ளும் வசதிகூட இல்லை. நிலம் கைமாறும்போது மாட்டோடும் மரத்தோடும் அவனும் சேர்ந்து கைமாறுவான். “நான் மேல்ஜாதிக் கூலிக்காரன்” என்று மீசை முறுக்குகிற தோழர் யாரேனும் இதைப் படித்தால், திருப்பாம்புரத்துத் தகப்பனைச் சற்று நினைத்துக்கொள்ளட்டும்.

துரை அறுத்த தளை

இனி இரண்டாவது கதைக்கு வருவோம்.

1799-ல் தஞ்சைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு முழுவதுமாக வந்தது. கம்பெனிக்கு வேண்டியது கிஸ்தி. காவேரிப் படுகையில் நெல் விளைகிறது. நெல்லை விளைவிக்கிறவன் மிராசுதாரின் ஆள். ஆளைக் கட்டிவைத்திருக்கும் கயிறு அறுந்தால் நடவு நிற்கும். நடவு நின்றால் கிஸ்தி நிற்கும். இவ்வளவு எளிய கணக்கை லண்டன் வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1819-ல் சென்னை ரெவினியூ போர்டு, மாவட்டங்களில் அடிமை முறை எப்படி இருக்கிறது என்று கலெக்டர்களைக் கேட்டு அறிக்கை வாங்கிற்று. அறிக்கைகள் வந்தன. அடிமைகள் இருக்கிறார்கள் என்று வந்தன. கோப்புக் கட்டி அலமாரியில் வைத்தார்கள்.

1833-ல் லண்டன் பார்லிமெண்ட், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றிற்று. உலகமே கைதட்டியது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்கு: கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமுள்ள நாடுகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலீனாத் தீவுக்கும் இது செல்லாது! மேற்கிந்தியத் தீவில் கரும்பு வெட்டினால் விடுதலை, காவேரிக் கரையில் நெல் அறுத்தால் இல்லை. அங்கேயும் அடிமைக்கு ஒரு செப்புக்காசு கொடுத்தார்களா? இல்லை. அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அதற்காக அரசாங்கம் வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்து தீர்ந்தது. அதுவரைக்கும் பிரிட்டிஷ் தொழிலாளி வரி கட்டியிருக்கிறான், எந்தக் காலத்திலோ செத்துப்போன அடிமை வியாபாரிக்காக.

நம் பக்கத்துக்கு 1843-ல் ஒரு சட்டம் வந்தது, 5-வது சட்டம். இதைத்தான் விடுதலைச் சாசனம் என்கிறார்கள். அதன் முதல் பிரிவு என்ன சொல்லுகிறது? கோர்ட்டு டிக்கிரிக்காகவோ, குத்தகை பாக்கிக்காகவோ, சர்க்கார் வரி பாக்கிக்காகவோ எந்த அரசாங்க உத்தியோகஸ்தனும் ஒரு மனிதனை அடிமை என்று சொல்லி விற்கக்கூடாது என்கிறது. அப்படியென்றால் அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது? இல்லாத காரியத்துக்கு யாராவது தடை போடுவார்களா?

அடிமை மேல் உரிமை கொண்டாடி வழக்குப் போட்டால் கோர்ட்டு கேட்காது என்றது அந்தச் சட்டம். அவ்வளவுதான். அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அது குற்றமாக ஏறியது 1860-ல் இயற்றி 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான். பண்ணையாளுக்கு இந்தச் சங்கதியை யார் போய்ச் சொன்னார்கள்? அவன் குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது. அவன் கல்யாணக் கடன் மிராசுதார் கணக்கில் இருக்கிறது. ஒரு குழி நிலம் அவனுக்குத் தரப்படவில்லை. “நீ சுதந்திர மனிதன், எங்கே வேண்டுமானாலும் போகலாம்” என்று நடுக்கடலில் இறக்கிவிட்டுச் சொன்னதுபோல்தான்.

சரி, போனானா? போனான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கும், மன்னார் வழியாக நடந்து இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனான். கங்காணியின் முன்பணம் அவனுக்கு முன்னால் போய்த் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளை அதிகாரிகளில் ஒருவராவது உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொன்னார். செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் சேரி மக்களின் நிலையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, தரிசு நிலத்தைக் கேட்டாலும் மிராசுதார் குறுக்கே நிற்கிறார் என்று எழுதினார். அதன் பின் 1892-ல் அரசாங்கம் தாழ்த்தப்பட்டோருக்கென நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலம் இன்று யார் யார் பட்டாவில் இருக்கிறது என்று எந்தத் தாலுகாவில் கேட்டாலும் மணியக்காரருக்கு இருமல் வந்துவிடும்.

விலங்கு மாறியது, கை மாறவில்லை

1843-க்குப் பின் பதினைந்து பதினாறு வருஷத்தில் வந்த இரண்டு சட்டங்களை விடுதலைக் கதைக்காரர்கள் வாயில் எடுப்பதே இல்லை.

ஒன்று, 1858-ம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ உடையும் என்றால், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பினரில் திடகாத்திரமான ஆண்கள் எல்லோரையும் வேலைக்கு அழைக்கலாம். மறுத்தால் தண்டனை. கூலி உண்டு என்று எழுதியிருந்தது. மறுக்கும் உரிமை மட்டும் எழுதியிருக்கவில்லை. உழைக்கும் வகுப்பினர் என்று சட்டமே வகுப்புப் பிரித்துச் சொல்லிவிட்டதைப் பாருங்கள்! வெள்ளத்தில் மூழ்கப்போவது மிராசுதார் வயல்; கழுத்தளவு தண்ணீரில் இறங்கி மண்மூட்டை போட வேண்டியவன் மட்டும் சேரியான். வழக்கப்படி குடிகள் செய்துவந்த மராமத்து வேலைக்கும் இந்தச் சட்டம் பலம் கொடுத்தது. சோழன் காலத்து வெட்டிக்குத் துரை ரப்பர் முத்திரை குத்தினான்.

மற்றது, 1859-ம் வருஷத்து 13-வது சட்டம், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவனைத் திரும்பப் போய் வேலை செய் என்று உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால்? அவனுக்கு ஜெயில் இல்லை. வியாபாரிக்கும் வியாபாரிக்கும் பணத்தகராறு வந்தால் சிவில் கோர்ட்டு. கூலிக்காரன் பத்து ரூபாய் பாக்கி வைத்தால் சிறைச்சாலை. இந்தச் சட்டத்தை எடுத்துவிட 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1843-ல் அடிமையை விட்டான், 1859-ல் கூலியைப் பிடித்தான். இடையில் இருந்த பதினாறு வருஷத்துக்கு எத்தனை சிலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

தெருவுக்கு எல்லைக்கல்

இனி ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணையாள் கதை வயற்காட்டோடு போயிற்று, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம்.

சென்னைப் பட்டினத்தில் கம்பெனி குடியேறிய நாளிலிருந்தே வலங்கை, இடங்கை என்று ஜனங்கள் மோதிக்கொண்டார்கள். யார் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்று சண்டை. 1707-ல் பெரிய கலவரம். அப்போது கவர்னராக இருந்த தாமஸ் பிட் என்ன செய்தான்? தெருவைப் பிரித்தான். வலங்கைக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று ஒதுக்கி எல்லைக்கல் நட்டான். சண்டையை அவன் உண்டாக்கவில்லை. அது நம் வீட்டுச் சரக்கு. ஆனால் துணி நெய்பவனும் துணி விற்பவனும் சாயம் போடுபவனும் ஒரே தெருவில் நின்று கம்பெனியிடம் விலை பேசுவதைவிட, ஆளுக்கொரு தெருவில் நிற்பது அவனுக்குச் சௌகரியம்.

அந்த எல்லைக்கல் பெரம்பூர் வரை வந்தது. 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் நடந்த போராட்டம் தெரியுமல்லவா? மாதக்கணக்கில் நடந்தது. ஜாதி இந்துத் தொழிலாளர் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் போயின. நிர்வாகமும் அரசாங்கமும் அந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. போராட்டம் தோற்றது.

“சேரிக்காரன் காட்டிக்கொடுத்தான்” என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறேன். நான் கேட்கிறேன்: ஆலைக்கு வெளியே அவன் கிணற்றில் தண்ணீர் எடுக்க நீ விட்டாயா? உன் தெருவில் அவன் வீடு வாடகைக்குப் பிடிக்க முடிந்ததா? வருஷமெல்லாம் எட்டி நில் என்று சொன்னவன், சங்கு ஊதிய அன்று மட்டும் கிட்ட வா என்றால் அவன் ஏன் வருவான்? அவன் குடிசைக்கு நெருப்பு வைத்தது நிர்வாகத்தின் கை அல்லவே. இதைச் சொன்னால் சில தோழர்களுக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். தோற்ற போராட்டத்தின் கணக்கை முதலாளி தலையில் மட்டும் எழுதிவிட்டால், நம் பேரேட்டில் உள்ள பற்று அப்படியே நிற்கும்.

தஞ்சையில் நடந்தது வேறு. 1940-களில் பண்ணையாளும் குத்தகைக்காரனும் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். மிராசுதார் வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது ஒரு மரக்கால் என்றிருந்த காலம். தப்பு என்று தோன்றினால் சவுக்கடி. அதற்கும் மேல் போனால் சாணிப்பால். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கும் சாணிப்பாலும் போயின, முத்திரை மரக்கால் வந்தது. நூறு வருஷமாக 1843-ம் வருஷத்துச் சட்டம் செய்யாததைச் சங்கம் செய்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உடனே மிராசுதார்கள் செய்த காரியம், பண்ணையாள்களைக் கூட்டம் கூட்டமாக நீக்கித் தினக்கூலிகளாக்கியது. சட்டம் பண்ணையாளைத்தானே காப்பாற்றும்? குடியிருந்த மனை சொந்தமாக 1971-ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. ராஜராஜன் கணக்கில் சேரி என்று எழுதிய மண், சேரிக்காரன் பெயருக்கு வர 950 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இடையில் 1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டார்கள், சங்கத்தை விட மறுத்தார்கள். ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர்களை 1973-ல் ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

யாரும் காட்டாத கல்

பொற்காலக்காரர்கள் உத்தரமேரூரைக் காட்டுகிறார்கள், பெரிய கோயிலைக் காட்டுகிறார்கள். இன்னொரு கல்லை அவர்கள் காட்டுவதில்லை. விடுதலைக் கதைக்காரர்களுக்கும் அது பிடிக்காது. வெள்ளைக்காரன் கப்பல் இந்தக் கரையைத் தொடுவதற்கு முன்னால் வெட்டிய கல் அது.

1429-ம் வருஷம். விஜயநகர ஆட்சி. ராயரின் உத்தியோகஸ்தர்கள் வரிமேல் வரி போட்டார்கள். காணியாளராக இருந்த பிராமணரும் வெள்ளாளரும் அவர்களோடு கைகோத்துக்கொண்டார்கள். அப்போது வலங்கை 98 ஜாதியாரும் இடங்கை 98 ஜாதியாரும் ஒன்றாகக் கூடினார்கள். ஆம் தோழர்களே, பின்னால் தாமஸ் பிட் எல்லைக்கல் நட்டுப் பிரித்த அதே வலங்கையும் இடங்கையும்தான். அவர்களில் எல்லோரும் பண்ணையடிமைகள் அல்ல. உழுதவர்கள், நெய்தவர்கள், தச்சர், கொல்லர், சில்லறை வியாபாரிகள் என்று பலதரம். ஆனால் வரி கொடுத்து நொந்தவர்கள் எல்லோரும்.

கொறுக்கைக் கோயிலில் அவர்கள் வெட்டிவைத்த கல்வெட்டின் சாரம் இது: விளைச்சலுக்குத் தக்கபடி வாங்காமல் அநியாயமாக வரி போட்டார்கள். நாங்கள் ஊரைவிட்டு ஓடிப்போக இருந்தோம். அப்போதுதான் தெரிந்தது, இந்த மண்டலத்து ஜனங்களாகிய நாங்கள் ஒன்றாக இல்லாததால்தான் எங்களுக்கு இந்த அநியாயம் நடந்தது என்று. இனி விளைச்சலைப் பார்த்து நியாயமானதைக் கொடுப்போம். முறையில்லாமல் போட்ட எதையும் கொடுக்க மாட்டோம்.

ஆடுதுறையிலும் எலவானாசூரிலும் இதே எதிர்ப்பின் கல்வெட்டுகள் இருக்கின்றன. தஞ்சைக்கு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பொற்காலம் காட்டுகிற வண்டிகள் கொறுக்கைப் பக்கம் திரும்புவதில்லை. போகிற தோழர்கள், எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப்போய் அந்தச் சுவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.